ஊதிய காற்றும் எழுதிய எண்ணும்

மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவருக்குச் சட்டத்தில் போக்கிடம் ஏதும் இல்லை, கருவி காட்டிய எண்ணே தீர்ப்பு, நீதிமன்றத்தில் தலைகுனிந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு வந்தால் அன்றோடு தொல்லை தீர்ந்தது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வண்டி வைத்திருப்போரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணத்துக்குத் துணையாக ஓர் அறச்சினமும் நிற்கிறது: குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு எதிர்வாதம் ஒன்றுதான் குறைச்சலா, அவனுக்காக வாதாடுவது சாலையில் செத்தவர்களுக்குச் செய்யும் துரோகமன்றோ என்பது அச்சினத்தின் சாரம். முன்னது சட்டத்தின் சொற்களைப் படிக்காமல் விளைந்த பிழை. பின்னது அச்சட்டம் எதனால் வலுப்பெறுகிறது என்பதை எண்ணிப் பாராமல் விளைந்த பிழை. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் இவ்விரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டபோது அதன் 185ஆம் பிரிவு, ஓட்டுபவரின் இரத்தத்தில் எவ்வளவு சிறிதளவாயினும் மது இருந்தாலே குற்றம் என்றுதான் சொன்னது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொற்களை நீக்கி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது சுவாசப் பரிசோதனைக் கருவியால் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்ற வரையறையை அவ்விடத்தில் வைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனை உட்பட வேறு எந்தச் சோதனையும் போதும் என்று அதனுடன் சேர்த்தது. ஆகவே, பொதுப்பேச்சில் சொல்வதுபோல் ‘குடித்துவிட்டு ஓட்டுவது’ சட்டத்தின்படி குற்றம் என்று சொல்வது முழு உண்மையன்று. ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டிய மது இருந்தது என்று ஒரு சோதனை காட்டியிருப்பதே குற்றம். குற்றத்தை எண்ணால் வரையறுத்தது நாடாளுமன்றமே தவிர எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞர் அல்லர். அந்த எண் எப்படிப் பெறப்பட்டது, எப்போது பெறப்பட்டது, யாருடைய உடலிலிருந்து பெறப்பட்டது என்று கேட்பதைச் சந்துபொந்தில் நுழைந்து தப்பும் தந்திரம் என்று சொல்வது, நெல்லை அளந்து வாங்குபவன் மரக்காலைத் திருப்பிப் பார்த்தால் அவனைத் திருடன் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எண்ணைச் சட்டம் ஏன் நாடியது என்பதற்கு அதற்கு முந்தைய வழக்குகளே விடை தரும். வாயில் மதுவாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகிய அறிகுறிகளைக் குறித்து மருத்துவர் எழுதும் சான்றிதழே நெடுங்காலம் இவ்வழக்குகளின் முதுகெலும்பாக இருந்தது. ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை’ என்று முடியும் சான்றிதழ்களை அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியோர் அறிவர். மும்பை மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் எழுந்த பச்சுபாய் கார்யானி வழக்கில் 1971ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாத நிலையில் இத்தகைய அறிகுறிகளை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தினார் என்ற முடிவுக்கு வர இயலாது என்று கருதியது. காய்ச்சல், நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழ்வது, தலையில் பட்ட அடி ஆகியனவும் நடையையும் பேச்சையும் குழப்பக்கூடியவை என்பதால் அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல் அளவீட்டை நம்புவோம் என்று சட்டம் முடிவெடுத்த பிறகு, அளவீட்டைச் சோதிக்கக் கூடாது என்பது அம்முடிவையே கைவிடுவதாகும்.

கருவி பொய் சொல்லாது என்பது அடுத்த வாதம். கருவி பொய் சொல்வதில்லை என்பது மெய்தான். ஆனால் அது இரத்தத்தைத் தொடுவதும் இல்லை. ஊதிய காற்றில் உள்ள மதுவை மின்வேதி உணரி ஒன்று ஆக்சிஜனேற்றம் செய்யும்போது பிறக்கும் சிறு மின்னோட்டத்தை அளந்து, அதை ஒரு நிலையான விகிதத்தால் பெருக்கி, இரத்தத்தில் இவ்வளவு இருக்கலாம் என்று கருவி சொல்கிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள அளவு மது, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2100 மில்லிலிட்டர் காற்றில் இருக்கும் என்பதே பெரும்பாலும் கையாளப்படும் அந்த விகிதம். இது மனிதர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் ஒரு மதிப்பு. ஆளுக்கு ஆள், ஒரே ஆளிடமும் வேளைக்கு வேளை இது மாறும். ஒருவருடைய உண்மையான விகிதம் அன்று 1800ஆக இருந்தால், கருவி 33 என்று காட்டும்போது அவர் இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 28 மில்லிகிராமே. அதாவது கருவியின் கணக்கில் குற்றவாளி, சட்டத்தின் கணக்கில் நிரபராதி. சராசரி மனிதருடைய விகிதம் 2100க்குச் சற்று மேலேயே இருப்பதால் கருவியின் பிழை பெரும்பாலும் ஓட்டுநருக்குச் சாதகமாகவே விழும் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆனால் குற்றவியல் நீதிமன்றம் சராசரி மனிதரை விசாரிப்பதில்லை. கூண்டில் நிற்கும் ஒருவரைத்தான் விசாரிக்கிறது.

வாய்க்குள் தங்கிய மது இதைவிட எளிதாக எண்ணை ஏமாற்றும். சற்றுமுன் விழுங்கிய மடக்கு, மதுசாரம் கலந்த வாய்க்கழுவி, சில இருமல் மருந்துகள், ஏப்பத்தோடு மேலெழும் வயிற்றுச் சரக்கு ஆகியவை வாயில் விட்டுச்செல்லும் மதுவை, நுரையீரலிலிருந்து வந்ததாகவே கருவி கொள்ளும். சில நிமிடங்களில் அது மறைந்துவிடும் என்பதால்தான் 15 நிமிடம் வாயில் எதுவும் படாமல் காத்திருக்கச் செய்து மீண்டும் ஊதச் சொல்வது முறையான நடைமுறையாகக் கொள்ளப்படுகிறது. ஒருவர் ஊதிய பிறகு அடுத்தவரிடம் நீட்டுமுன் வெறுங்காற்றில் கருவி சுழியைக் காட்டுகிறதா என்று பார்ப்பதும், ஆளுக்கொரு புதிய ஊதுகுழல் தருவதும், குறித்த காலத்துக்கொருமுறை தெரிந்த செறிவுள்ள வாயுவைக் கொண்டு கருவியைச் சரிபார்ப்பதும் அதே வகையைச் சேர்ந்தவை. 203ஆம் பிரிவின் விளக்கமே, மத்திய அரசு அரசிதழ் அறிவிக்கையால் ஒப்புதல் அளித்த வகைக் கருவியால் நடத்தப்பட்டால்தான் அது சுவாசப் பரிசோதனை என்கிறது. வார இறுதி இரவில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கிடையே இத்தனையும் பின்பற்றப்பட்டனவா என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பது விந்தையான வாதம்.

நேரக்கணக்கும் இதில் உண்டு. குடித்த மது இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். அதன்பின் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராம்வரை குறைந்துகொண்டே போகும். ஆகவே கடைசி மடக்கைக் குடித்த உடனே வண்டியை எடுத்தவர் நிறுத்தப்பட்டபோது வரம்புக்குக் கீழேயும், நிலையத்தில் ஒரு மணி நேரம் கழித்து ஊதும்போது வரம்புக்கு மேலேயும் இருக்கக்கூடும். ‘ஓட்டும்போது’ என்ற சொல்லைச் சட்டம் சும்மா வைக்கவில்லை. மறுபுறம், பெரும் விபத்து ஒன்றில் பல மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம் ஓட்டுநரின் உண்மை நிலையைக் குறைத்தே காட்டும். இக்கணக்கு இருபுறமும் வெட்டும் கத்தி என்பதால்தான், எண்ணுக்கு அருகில் நேரத்தையும் எழுதி வைக்கக் காவல் துறை கற்றாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போதே ஓர் எல்லையும் வகுக்க வேண்டும். கருவி 32 என்றோ 36 என்றோ காட்டிய வழக்கில் இவ்வாதங்கள் உயிருள்ளவை. 160 காட்டிய வழக்கில் விகிதப்பிழையைப் பேசுவது நீதிமன்றத்தின் நேரத்தையும் கட்சிக்காரரின் பணத்தையும் வீணாக்குவதே. வாய்க்கழுவியால் 180 வந்தது என்று நம்பச் சொல்லும் வழக்கறிஞர் விற்பது எதிர்வாதமன்று, வெறும் ஆறுதல். ஆனால் அப்படிச் சிலர் விற்கிறார்கள் என்பதற்காக எதிர்வாதம் முழுவதையும் புறந்தள்ளுவது, போலி மருத்துவர்கள் இருப்பதால் மருத்துவமே வேண்டாம் என்பதுபோல் ஆகும்.

இரத்தச் சோதனை கருவியைவிட உறுதியானது. ஆனால் அதன் உறுதி ஊசி குத்தப்படும் நொடியிலிருந்து ஆய்வக அறிக்கை எழுதப்படும் நொடிவரை ஒரு கண்ணியும் அறுபடாத சங்கிலியைப் பொறுத்தது. தோலைத் துடைத்த பஞ்சில் ஸ்பிரிட் இருந்ததா, குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போன்ற பதப்பொருள் இடப்பட்டதா, இடப்படாவிட்டால் நுண்ணுயிர்கள் குப்பிக்குள்ளேயே சர்க்கரையை மதுவாக மாற்ற வாய்ப்பிருந்ததா, முத்திரை யார் முன்னிலையில் வைக்கப்பட்டது, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்வரை குப்பி எந்தக் குளிர்பெட்டியில் இருந்தது என்பன வழக்கமான கேள்விகள். மும்பை பாந்திராவில் 2002 செப்டம்பரில் நடைபாதையில் உறங்கியவர்கள்மீது கார் ஏறிய வழக்கில் நடிகர் சல்மான் கானை மும்பை உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் விடுவித்தபோது நாடே கொதித்தது. பணம் இருந்தால் எதையும் வாங்கலாம் என்றார்கள். ஆனால் அத்தீர்ப்பு சுட்டிய குறைகளுள் ஒன்று, இரத்த மாதிரி எடுக்கப்பட்டதும் கைமாறியதும் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதாகும். அந்தக் குறையை உண்டாக்கியது எதிர்வாதம் அன்று; எதிர்வாதம் அதைக் கண்டெடுத்தது, அவ்வளவே. சிறு வழக்குகளில் எவரும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டு போவதே வழக்கமாக இருக்கும் ஊரில், மாதிரியை முறையாகக் காப்பதற்கான பழக்கம் நிலையத்துக்கு எங்கிருந்து வரும்?

எதிர்வாதம் கொலைகாரர்களைக் காப்பாற்றுகிறது என்ற சினத்துக்கு மறுமொழி வேறு இரு வழக்குகளில் இருக்கிறது. 1999 ஜனவரியில் தில்லி லோதி காலனியில் ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ. கார் வழக்கிலும், 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய ஏழு பேரைக் கொன்ற அலிஸ்டர் பெரேரா வழக்கிலும் வசதி படைத்த இளைஞர்களுக்காக நாட்டின் மூத்த வழக்கறிஞர்கள் இறுதிவரை வாதாடினார்கள். இரண்டிலும் 2012இல் உச்ச நீதிமன்றம், மரணம் விளைவிக்கும் என்று அறிந்தே செய்த செயலுக்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின்கீழ் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகத் தீர்த்தது. இரண்டிலும் இரத்தச் சோதனை தந்த எண் இருந்தது: தில்லி வழக்கில் 0.115 விழுக்காடு, மும்பை வழக்கில் 0.112. முழு வலிமையோடு தாக்கப்பட்டும் சாயாமல் நின்ற சான்று அது. தில்லி வழக்கில் தண்டனை அனுபவித்த சிறைக்காலத்தோடு நிறுத்தப்பட்டது பலருக்கு மனநிறைவு தரவில்லை. அது தண்டனை பற்றிய மனக்குறை, எதிர்வாத உரிமை பற்றியது அன்று.

குற்றத்தை ஒப்புக்கொள்வதே மலிவான வழி என்ற நம்பிக்கை பழைய சட்டத்தின் எச்சம். 2019க்கு முன் முதற்குற்றத்துக்கு அபராதம் 2,000 ரூபாய்வரை என்றிருந்ததால், பணிந்து நிற்பவருக்கு நடுவர் தொகையைக் குறைக்க இடமிருந்தது. இப்போது பிரிவு சொல்வது, ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்பதாகும். ‘வரை’ என்ற சொல் சிறைக்கு மட்டுமே உண்டு, அபராதத்துக்கு இல்லை. ஆக, ஒப்புக்கொண்டால் தொகை குறையும் என்பதற்குச் சட்டத்தின் சொற்களில் ஆதாரம் இல்லை. மேலும் இக்குற்றம், காவலரிடம் அங்கேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் ‘ஸ்பாட் ஃபைன்’ வகையைச் சேர்ந்ததும் அன்று. அவ்வகைக் குற்றங்களைப் பட்டியலிடும் 200ஆம் பிரிவில் 185 இடம்பெறவில்லை. நடுவர் முன் போனால்தான் அது முடியும்.

அங்கே நடக்க வேண்டியது என்ன என்பதை 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. சிறு குற்றங்களுக்குரிய அழைப்பாணை வழக்கு முறையில், குற்றச்சாட்டின் விவரத்தை நடுவர் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டால் அதை இயன்றவரை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் தண்டிப்பதா என்பது நடுவரின் விருப்புரிமைக்கு உட்பட்டது. ‘இரண்டு பீர் குடித்தேன் ஐயா’ என்பது 30 மில்லிகிராமைத் தாண்டினேன் என்ற ஒப்புதல் ஆகாது என்பதை இந்த விதியே உணர்த்தும். ஒப்புக்கொண்ட பின், தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் எதிர்த்தன்றி, குற்றத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அந்தத் தீர்ப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியை நீதிமன்றம் பறிக்க வழி திறக்கிறது. மறுமுறை பிடிபட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்ற அடுத்த படியில் ஏற்றி வைக்கிறது. விபத்தும் நிகழ்ந்திருந்தால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் காப்பீட்டு நிறுவனத்தின் கையிலும் தன்வாக்குமூலமாகப் போய்ச் சேர்கிறது. சோதனை எதுவும் நடக்காத நிலையிலும் மதுவின் தாக்கத்தில் ஓட்டியதை வேறு சான்றுகளால் காப்பீட்டு நிறுவனம் நிறுவலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்த்திருக்கும்போது, நிறுவனத்துக்கு அந்த உழைப்பையும் மிச்சப்படுத்தித் தருவது புத்திசாலித்தனம் ஆகாது. வாடகைக் கார், சரக்குந்து, பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு உரிமமே கைமுதல். அவரைப் பார்த்துப் பத்தாயிரத்தோடு போயிற்று என்று சொல்பவர் கணக்குத் தெரியாதவர்.

ஒப்புக்கொள்வது எப்போதும் தவறு என்பதும் இங்கே சொல்லப்படவில்லை. ஆவணங்களைப் பார்த்து, எண் உறுதியானது என்று தெரிந்தபின் ஒப்புக்கொண்டு தண்டனையைப் பற்றி மட்டும் வாதிடுவதும் ஒரு வழியே. முன்குற்றம் இல்லாதவரை எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையில் வைத்தோ விடுவிக்க 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இடமளிக்கிறது. அப்படி விடுவிக்கப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு தாக்காது என்றும் அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் இச்சலுகையைத் தரத் தயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000இல் எச்சரித்ததும் சரியே. ஆனால் அவசரமாக ஒப்புக்கொண்டு ஓடுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

தந்திரம் என்று உண்மையிலேயே பழிக்கத்தக்கவை வேறு இருக்கின்றன, அவை பயனற்றவையும்கூட. ஊத மறுத்துவிட்டால் சான்றே இராது என்று நண்பர்கள் சொல்லித் தருவதுண்டு. மறுப்பவரைச் சந்தேகத்துக்குக் காரணம் இருப்பின் பிடியாணையின்றிக் கைது செய்யவும், நிலையத்தில் இரத்தம் கேட்கவும் மோட்டார் வாகனச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தக்க காரணமில்லாத மறுப்பை அரசுத் தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக அனுமானிக்கலாம் என்கிறது 205ஆம் பிரிவு. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் வழக்கே விழுந்துவிடும் என்பது இன்னொன்று. 202ஆம் பிரிவு அதற்குச் சொல்லும் விளைவு காவலிலிருந்து விடுவிப்பதேயன்றி வழக்கிலிருந்து விடுதலை அன்று. மாறாக, சீருடையில் இல்லாத காவலர் ஊதச் சொல்ல முடியாது என்பதும், உடன் வந்த, மது அருந்தாத, உரிமம் உள்ள ஒருவர் ஓட்டிச்செல்ல முன்வரும்போது வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் நெறிப்படுத்தியதும், முதற்குற்ற வழக்கை ஓராண்டுக்குள் நீதிமன்றம் எடுத்தாக வேண்டும் என்ற காலவரம்பும், காவலில் உள்ளவருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டியவை. அவற்றை எவரும் சொல்லித் தருவதில்லை. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்கும் ஏகபோகத்தைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு, கடைக்கு வெளியே வண்டிகள் நிறுத்தியிருப்பதை அறியாததன்று. அந்த அரசே வழக்குத் தொடுக்கும்போது தன் சட்டத்தின் எழுத்தையாவது பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

கேள்வி கேட்காத பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னையில் 2022 அக்டோபரில் பார்க்க முடிந்தது. போதையில் இருப்பவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர்மீதும், அவர் மது அருந்தியிராவிட்டாலும், வழக்குப் பதியப்படும் என்று போக்குவரத்துக் காவல் துறை அறிவித்தது. 185ஆம் பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று சொல்லும் 188ஆம் பிரிவே இதற்கு அடிப்படை. உடந்தை என்பது குற்றவியல் சட்டத்தில் பொருள் வரையறுக்கப்பட்ட சொல்: தூண்டியிருக்க வேண்டும், சதியில் சேர்ந்திருக்க வேண்டும் அல்லது வேண்டுமென்றே உதவியிருக்க வேண்டும், உடன் அமர்ந்திருப்பது இம்மூன்றில் எதுவும் அன்று. சாவியை எடுத்துக் கொடுத்து ஓட்டச் சொன்னவருக்கு அப்பிரிவு பொருந்தலாம். ஓட்ட வேண்டாம் என்று மன்றாடியும் கேட்காத கணவனோடு நள்ளிரவில் வேறு வழியின்றிப் பின்னால் ஏறி அமர்ந்த மனைவி எதைத் தூண்டினார் என்று அரசுத் தரப்பு சொல்லியாக வேண்டும். அவரும் வரிசையில் நின்று, கேட்டதும் தலையாட்டி, பத்தாயிரம் கட்டி ரசீது வாங்கிப் போய்விட்டால், அப்படியொரு கேள்வி இருந்ததே எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் ஏறாது.